பள்ளத்தாக்குப் பயணமும் பையில் ஒரு கயிறும்



ஏப்ரல் மாதம் பிறந்து, பிள்ளைகளின் தேர்வுகள் முடியும் தறுவாயில் நம் அம்பத்தூர் இல்லங்களில் எழும் பேச்சு ஒன்றே. இந்த ஆண்டு எங்கே போவது? ஒருவர் உதகை என்பார். ஒருவர் கொடைக்கானல் என்பார். பாட்டி வேளாங்கண்ணி என்று ஒரு வார்த்தை சொல்லி விவாதத்தையே முடித்துவைப்பார். மலையூர்களின் நிலைமை இன்று யாவரும் அறிந்ததே. சென்னை உயர்நீதிமன்றத்தின் ஆணைப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் செல்லும் வாகனங்கள் இ-பாஸ் பெற்றே ஏறவேண்டும் என்றாயிற்று. அப்படியும் மலைப்பாதையில் வண்டிகளின் வரிசையில் அரை நாளைக் கழித்துவிட்டு, ஏரியை ஒருமுறை எட்டிப் பார்த்துத் திரும்பியவர்கள் நம் பங்கிலேயே உண்டு. ஆதலால், மலைக்குக் கீழே ஆறு பாயும் ஒரு பள்ளத்தாக்கை இவ்வாண்டு நினைத்துப் பார்க்கலாமே என்று கேட்போருக்கு நான் சொல்லும் பெயர் கம்பம் பள்ளத்தாக்கு.

பயணத்துக்குப் பெட்டி கட்டுவதைப் பற்றிப் பங்குக்குரு எழுதுவதற்கு என்ன இருக்கிறது என்று சிலர் எண்ணலாம். புறப்படுமுன் ஆசீர் பெற வருவோரைக் குருக்கள் காண்கிறோம். கோடை விடுமுறைக்குச் சிரித்த முகத்தோடு சென்று, ஆற்று நீரில் பிள்ளையைப் பறிகொடுத்துத் திரும்பிய பெற்றோரின் அருகில் நின்று அடக்கத் திருப்பலி நிறைவேற்றுவதும் குருக்களுக்கே வாய்க்கிறது. பெட்டிக்குள் எது போகவேண்டும் என்பதில் எனக்கும் அக்கறை உண்டு என்பதற்கு அது போதுமான காரணம்.

முதலில் அந்த நாட்டை அறிந்துகொள்வோம். இடத்தை அறியாமல் கட்டும் பெட்டியில் வேண்டாதவையே நிறையும். தேனியிலிருந்து தென்மேற்காகச் செல்லும் சாலையில் வீரபாண்டி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் என ஊர்கள் வரிசையாக வரும். ஒருபுறம் கேரள எல்லையாக உயர்ந்து நிற்கும் மலைத்தொடர், மறுபுறம் மேகமலை. இடையே முல்லைப் பெரியாறும் சுருளியாறும் கலந்தோடி வைகைக்கு நீர் சேர்க்கின்றன. சாலை கூடலூரைத் தாண்டி லோயர் கேம்ப் வந்ததும் மலையேறத் தொடங்கிக் குமுளியை அடைகிறது.

இப்பசுமை இயற்கை மட்டும் தந்ததன்று. மேற்கே அரபிக்கடலை நோக்கி ஓடிய பெரியாற்றை மலைமேல் தடுத்து, மலையைக் குடைந்து வழி செய்து, கிழக்கே மழை மறைந்த நிலத்திற்குத் திருப்பினார்கள். 1886-இல் திருவிதாங்கூர் அரசுக்கும் சென்னை மாகாண அரசுக்கும் 999 ஆண்டுக் குத்தகை உடன்படிக்கை ஏற்பட்டது. 1887-இல் பணி தொடங்கியது. 1895 அக்டோபரில் ஆளுநர் வென்லாக் பிரபு அணையைத் திறந்துவைத்தார். அப்பணியை நடத்திய பொறியாளர் ஜான் பென்னிகுயிக்கின் படம் அவ்வட்டாரத்து வீடுகளிலும் தேநீர்க் கடைகளிலும் இன்றும் மாலையோடு தொங்குவதைக் காணலாம். அவர் பிறந்த ஜனவரி 15-ஆம் நாள் பொங்கலோடு சேர்ந்து வருவதால் அவருக்கெனவும் பொங்கல் வைக்கிறார்கள். லோயர் கேம்பில் 2013-இல் திறக்கப்பட்ட அவரது மணிமண்டபத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டத் தவறாதீர்கள். பாடப்புத்தகத்தில் ஒரு வரியாகப் படித்த அணைக்கட்டு, ஒரு வட்டாரத்தின் சோறாக மாறியிருப்பதை அங்கே அவர்கள் நேரில் காண்பர்.

ஆனால் ஒன்று சொல்லவேண்டும். அப்பள்ளத்தாக்கின் இருபோக நெல் வயல்கள் 14,707 ஏக்கர். அவற்றின் முதல் போகத்துக்கு அணையிலிருந்து நீர் திறப்பது வழக்கமாக ஜூன் முதல் நாள், அதுவும் அணையில் போதிய நீர் இருந்தால். நம் பள்ளி விடுமுறையோ மே மாதத்தில். எனவே, திரைப்படங்களில் கண்ட பச்சைக் கம்பளத்தை மே மாதத்தில் தேடுவோர் பல இடங்களில் அறுத்த தாளையே காண்பர். தென்னந்தோப்புகளும் திராட்சைப் பந்தல்களும் அப்போதும் பசுமையாகவே இருக்கும். பள்ளத்தாக்கு என்றதும் குளிர் என்று எண்ணிக் கம்பளிகளை அடைக்கவேண்டாம். தேனி, கம்பம் சமவெளியில் மே மாதப் பகல் கடுமையான வெயிலே. குமுளிக்கோ மேகமலைக்கோ ஏறும் எண்ணமிருந்தால் ஆளுக்கு ஒரு மெல்லிய போர்வை போதும்.

திராட்சையைப் பற்றி ஒரு வார்த்தை. நம் பழைய செபநூல்கள் கொடிமுந்திரி என்று குறித்த அதே கனிதான். கம்பத்துப் பன்னீர்த் திராட்சை 2023-இல் புவிசார் குறியீடு பெற்றது. அவ்வகையை 1832-இல் தமிழகத்துக்குக் கொண்டுவந்தவர் ஒரு பிரெஞ்சுக் குரு என்று கூறப்படுகிறது. பூசைக்குரிய இரசத்தை எண்ணிக் கொணர்ந்தாரோ, தம் தாய்நாட்டுச் சுவையை மறக்கமாட்டாமல் கொணர்ந்தாரோ, பயன் உழவர்களுக்கு ஆயிற்று. சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டிப் பக்கம் ஆண்டு முழுவதும் ஏதாவதொரு தோட்டத்தில் அறுவடை நடந்துகொண்டே இருக்கும். தோட்டக்காரரிடம் அனுமதி கேட்டு உள்ளே செல்லுங்கள். பிள்ளைகள் குலைகளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தால் பழத்தின் மேலுள்ள வெண்பூச்சு அழிந்து விலை குறையும் என்பதை முன்கூட்டியே சொல்லிவையுங்கள். மருந்து தெளித்த நாளாகவும் இருக்கலாம். ஆகையால் கொடியிலிருந்து பறித்து அப்படியே வாயில் போடுதல் கூடாது.

இனிப் போகும் வழி. அம்பத்தூரிலிருந்து கம்பம் ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல். தேனிப் பக்கம் பல ஆண்டுகள் ரயில் இல்லாதிருந்தது. மீட்டர் பாதையை அகலப்படுத்தும் பணி நீண்டுகொண்டே போயிற்று. 2022 மே மாதத்தில் மதுரையிலிருந்து தேனி வரையிலும், 2023 ஜூனில் போடிநாயக்கனூர் வரையிலும் ரயில் ஓடத் தொடங்கியது. அந்த 2023 ஜூனில்தான் சென்னை சென்ட்ரலிலிருந்து போடிக்கு வாரத்தில் மூன்று நாள் நேரடி இரவு ரயிலும் வந்தது. காட்பாடி வழியாகச் செல்வதால் அது நம் அம்பத்தூர் நிலையத்தைக் கடந்தே போகும். நம் வீட்டு வாசலில் ஓடும் ரயிலைப் பிடிக்க நாம் சென்ட்ரலுக்கு எதிர்த்திசையில் போகவேண்டியிருப்பதைப் பற்றிப் பலரும் முணுமுணுப்பதுண்டு, என் செய்வது! எந்தெந்தக் கிழமைகளில் ஓடுகிறது என்பதை முன்பதிவின்போது சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

முன்பதிவைப் பற்றிப் பழைய நினைவில் இருந்துவிடக்கூடாது. முன்பு 120 நாளுக்கு முன்பே இடம் பிடித்தோம். 2024 நவம்பர் முதல் நாள் தொட்டு அது 60 நாளாகக் குறைந்துவிட்டது. மே 10-ஆம் நாள் புறப்பட வேண்டுமானால் மார்ச் 11-ஆம் நாள் காலையிலேயே விழிப்பாக இருத்தல் வேண்டும். ரயிலில் இடம் கிடைக்காதவர்கள் பேருந்தை நாடுவர். தென்மாவட்டப் பேருந்துகள் 2023 டிசம்பர் இறுதியில் திறக்கப்பட்ட கிளாம்பாக்கம் நிலையத்திலிருந்து புறப்படுகின்றன. கோயம்பேட்டுக்கு அரை மணியில் போய்ப் பழகிய நமக்குக் கிளாம்பாக்கம் செல்வதே ஒரு சிறு பயணம். அந்த நேரத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நம் பங்கில் பல குடும்பத் தலைவர்கள் தொழிற்பேட்டையில் ஷிப்டு வேலை செய்பவர்கள். கிடைப்பதே நான்கைந்து நாள் விடுப்பு. அந்த நான்கு நாளுக்குள் சுருளி, தேக்கடி, மேகமலை, வைகை அணை, கும்பக்கரை, போதாக்குறைக்கு மதுரை என்று ஒன்பது இடங்களை எழுதி வைத்துக்கொண்டு ஓடுவோர் உண்டு. இதை நான் பயணம் என்று கொள்வதில்லை. ஷிப்டின் தொடர்ச்சி என்றே கொள்வேன். கம்பத்திலோ உத்தமபாளையத்திலோ ஓரிடத்தில் தங்கி, நாளுக்கு ஓரிடம் என்று வைத்துக்கொண்டு, ஒரு நாளைத் திட்டம் எதுவும் இல்லாமல் விட்டுவைப்பதே நலம். அந்த வெற்று நாள் ஆடம்பரமன்று. 2023 மே 27-இல் அரிக்கொம்பன் என்று பெயர் பெற்ற காட்டுயானை கம்பம் நகருக்குள்ளேயே புகுந்து தெருக்களில் நடந்தது. 144 தடையுத்தரவு போடப்பட்டது. ஜூன் 5-இல் அது பிடிபடும் வரை அவ்வட்டாரத்தில் வெளியூர்ப் பயணிகளின் திட்டம் எதுவும் நிலைக்கவில்லை. யானை வராவிட்டாலும் கோடை மழை வரும். மேகமலையில் பெய்த மழை சுருளி அருவியில் திடீரெனப் பெருகினால் வனத்துறையினர் குளிக்கத் தடை விதிப்பர். அவர்களோடு வாதாடவேண்டாம். போடிக்கு மேலே குரங்கணி மலையில் 2018 மார்ச்சில் காட்டுத்தீயில் சிக்கி மலையேற்றம் சென்றோர் இருபதுக்கும் மேற்பட்டவர் மாண்டதை நாம் மறந்துவிடலாகாது. அவர்களுள் சென்னையிலிருந்து சென்றவர்களும் இருந்தார்கள். கோடையில் காட்டு வழியில் அனுமதியின்றி ஓரடியும் வைக்கவேண்டாம். சித்திரைத் திருவிழா நாள்களில் வீரபாண்டிச் சாலையில் பேருந்தில் நிற்க இடம் கிடைப்பதும் அரிது. விடுதி அறைகளும் நிரம்பிவிடும். தேதியைக் குறிக்குமுன் அதையும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை இடையில் வந்தால் கவலை வேண்டா. இராயப்பன்பட்டி, அனுமந்தன்பட்டி முதலிய ஊர்களில் தொன்மையான கத்தோலிக்கச் சமூகங்கள் உண்டு. அவை மதுரை உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்தவை. திருப்பலி நேரத்தை முதல் நாளே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கோயில் முற்றத்தில் நாலு வார்த்தை பேசினால், எந்தக் கடையில் உணவு நன்றாக இருக்கும், ஆற்றின் எந்தத் துறையில் இறங்கலாம், எதில் இறங்கலாகாது என்பன எல்லாம் தாமே வந்துசேரும்.

பெட்டி கட்டுவதற்கு வருவோம். இதில் எனக்கொரு மனத்தாங்கல் உண்டு. சென்ற ஆண்டு விடுமுறை முடிந்து வந்த ஒரு தாய்மாரிடம், "நல்ல ஓய்வு கிடைத்ததா அம்மா?" என்று கேட்டேன். "லீவு அவர்களுக்கு ஃபாதர், எனக்கு சமையலறை மட்டும் இடம் மாறியது" என்றார். அருகிலிருந்த கணவர் சிரித்தார், அவர் சிரிக்கவில்லை. புறப்படுவதற்கு முந்திய இரவு ஒரு மணிவரை நால்வரின் துணிகளை மடித்து, வழிக்குச் சோறு கட்டி, பால்காரருக்குச் சொல்லி, எரிவாயுவை மூடி, ரயிலில் ஏறியதும் "என் சீப்பு எங்கே?" என்ற கேள்விக்கும் விடை சொல்பவர் ஒருவரே. விடுமுறையின் முதல் நாளிலேயே அவர் களைத்துவிடுகிறார். எட்டு வயதுப் பிள்ளை தன் துணிகளைத் தானே எடுத்து வைக்கும். வைத்ததை அன்னை ஒருமுறை பார்த்தால் போதும். கணவர்மார் டிக்கெட்டு எடுத்ததோடு தம் கடமை முடிந்தது என்று எண்ணவேண்டா. மருந்துப் பையும் தண்ணீரும் வீட்டுப் பூட்டும் உங்கள் பொறுப்பு. பூட்டிய வீட்டைப் பற்றி அருகிலுள்ள காவல் நிலையத்தில் எழுதிக் கொடுப்பதும் அவ்வாறே. ரோந்து வரும் காவலர் பார்த்துக்கொள்வர்.

"வீட்டைப் பார்த்துக்கொள்ளப் பாட்டி இருக்கட்டும்" என்று முடிவு செய்வோரும் உண்டு. பாட்டியைக் கேட்டீர்களா? உண்மையாகவே வேண்டாம் என்பவரும் இருப்பர். நம்மால் இவர்களுக்குத் தொல்லை எதற்கு என்று எண்ணி வேண்டாம் என்பவரும் இருப்பர். இரண்டு வேண்டாம்களையும் வேறுபடுத்தி அறிய மருமகள்கள் வல்லவர்கள். மகன்களுக்கு அவ்வளவாகத் தெரிவதில்லை. கம்பம் பள்ளத்தாக்கு முதியவர்க்கு ஏற்ற இடமே. மலையேறத் தேவையில்லை, தென்னந்தோப்பின் நிழலில் நாற்காலி போட்டு அமர்ந்தால் போதும். சர்க்கரை நோய்க்கு ஊசி போடுபவராயின் மருந்தை வெயிலில் காயவிடலாகாது. சிறு மண்கலத்தைத் தண்ணீருள்ள அகலப் பாத்திரத்தில் வைத்து, ஈரத்துணி சுற்றி, அதனுள் வைத்தால் ஓரளவு குளிர்ச்சியாக இருக்கும். மாத்திரைகளை அட்டையோடு, மருத்துவர் எழுதிய சீட்டோடு எடுத்துச் செல்லுங்கள். எல்லாவற்றையும் ஒரே பையில் வைக்காமல் இரண்டு நாளைக்குரியதை வேறொரு பையில் பிரித்து வையுங்கள். பை தொலைவது உண்டு.

வழிச்சோற்றுக்கு நம் பாட்டிமார் கண்ட முறையை விஞ்சியது இல்லை. எள் பொடி தூவிய புளியோதரை ஒரு நாள் தாங்கும். மிளகாய்ப் பொடியும் நல்லெண்ணெயும் தடவி வாழையிலையில் கட்டிய இட்லி மறுநாள் காலையிலும் சுவைக்கும். தேங்காய்ச் சட்டினி வேண்டாம்; மே மாத வெக்கையில் நள்ளிரவுக்குள் புளித்துவிடும். வயிற்றுப்போக்கு கண்டால் ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்து சிறிது சிறிதாகக் கொடுங்கள். கரண்டியில் குவிக்காமல் தட்டி அளக்கவேண்டும். ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்குத் தமிழகத்தில் 2019 ஜனவரி முதல் நாள் தொட்டே தடை உண்டு. சுருளி அருவி, 2021-இல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகத்தின் காட்டை ஒட்டியது. மஞ்சப்பை இரண்டு, எவர்சில்வர்க் குவளை ஆளுக்கொன்று என வைத்துக்கொள்ளுங்கள். அருவிக்குச் சோப்பும் ஷாம்புவும் கொண்டு போகவேண்டாம். அங்கே நீங்கள் கழுவிவிடும் நுரை கீழேயுள்ள ஊர்களின் குடிநீரோடு கலக்கிறது. பாறையில் நடக்கப் பின்வார் உள்ள ரப்பர்ச் செருப்பே உகந்தது. தங்கச் சங்கிலியை வீட்டிலோ வங்கியிலோ விட்டுச் செல்லுங்கள்.

இவை எல்லாம் வைத்தபின் பையில் இன்னும் சிறிது இடம் இருக்கவேண்டும். அதில் ஒரு கயிறு வையுங்கள்.

வேடிக்கையாகச் சொல்லவில்லை. ஊரில் கிணற்றில் குதித்து நீந்தக் கற்றவர்கள் நம் பங்கின் மூத்த தலைமுறையினர். நெல்லைச் சீமையிலிருந்தும் குமரியிலிருந்தும் பிழைக்க வந்து அம்பத்தூரில் குடியேறியவர்களின் இடுப்பில் சுரைக்குடுக்கையைக் கட்டி, மாமனோ சித்தப்பாவோ கிணற்றில் தள்ளிவிட்டுக் கற்பித்தார்கள். அவர்கள் பெற்ற பிள்ளைகளுக்கு அம்பத்தூரில் கிணறு ஏது? ஏரியைக் கரையில் நின்று பார்க்கிறார்கள். கூவத்தை மூக்கைப் பிடித்துக்கொண்டு கடக்கிறார்கள். நீச்சல் குளத்தில் சில வாரம் பழகியவர் சிலர் உண்டு. குளத்தில் நீர் நிற்கிறது, ஆற்றில் நடக்கிறது. ஆபத்து பிள்ளையின் அறியாமையில் மட்டும் இல்லை. "எனக்கு நீந்தத் தெரியும், நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று முப்பது ஆண்டாக நீரில் இறங்காத தந்தை சொல்லும் துணிச்சலிலும் இருக்கிறது.

2022 அக்டோபர் 3-ஆம் நாள் நம் கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு நேர்ந்ததை நினைவுகூர்வோம். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து திருயாத்திரையாக வந்தவர்கள், பூண்டி மாதா பேராலயத்துக்கு அருகே கொள்ளிடத்தில் குளிக்க இறங்கினார்கள். ஆறு பேர் மாண்டார்கள். கடலோர மாவட்டத்திலிருந்து வந்தவர்கள், நீரைக் காணாதவர்களல்லர். ஆயினும் கடலை அறிவது வேறு, ஒரு குறிப்பிட்ட ஆற்றின் குறிப்பிட்ட துறையை அறிவது வேறு. ஆற்றின் அடி சமமானதன்று. முழங்காலளவு நீரில் நடந்துகொண்டிருப்பவர் அடுத்த அடியில் இரண்டாள் ஆழத்தில் கால் வைக்கக்கூடும். மணல் அள்ளிய குழியை மேலே தெளிந்தோடும் நீர் மறைத்துவிடும். தடுப்பணைகளின் கீழ்ப்புறம் இன்னும் கொடியது. மேலிருந்து விழும் நீர் அடியில் பள்ளம் பறித்து, விழுந்த இடத்துக்கே திரும்பித் திரும்பிச் சுழல்வதால், நன்றாக நீந்துபவரையும் விடாமல் உருட்டும். மே மாதத்தில் ஆற்றில் நீர் குறைவு என்பதாலேயே பயணிகள் மடுக்களைத் தேடிப் போகிறார்கள். நீர் குறைந்த காலத்தில் ஆழமான இடம் ஒன்று இருக்கிறதென்றால் அது ஏன் வற்றவில்லை என்று யோசிக்கவேண்டாமா?

ஒருவர் மூழ்கும்போது அன்புள்ளவர் உடனே குதிக்கிறார். மூழ்குபவர் அச்சத்தில் அவரது கழுத்தைக் கட்டிக்கொள்கிறார், இருவரும் போகிறார்கள். அவர்களைக் காப்பாற்ற மூன்றாமவர் குதிக்கிறார். ஒரே குடும்பத்தில் மூவர் நால்வர் மாண்ட செய்திகளின் பின்னே பெரும்பாலும் இருப்பது இதுவே. கரையில் நின்றபடி எறிய ஏதாவது இருந்தால் அந்த இரண்டாவது உயிரும் மூன்றாவது உயிரும் போகவேண்டியதில்லை. 2020 ஆகஸ்டில் பெரம்பலூர் மாவட்டம் கொட்டரை நீர்த்தேக்கத்தில் இளைஞர் நால்வர் மூழ்கியபோது, அங்கிருந்த மூன்று பெண்கள் தாம் உடுத்திருந்த புடவைகளைக் களைந்து முடிந்து வீசினார்கள். இருவர் பிழைத்தனர், இருவரைக் காக்க இயலவில்லை. அப்பெண்களுக்குத் தமிழக அரசு கல்பனா சாவ்லா விருது வழங்கியது. மானம் பெரிதா உயிர் பெரிதா என்று எண்ணிப் பார்க்க ஒரு கணமும் எடுத்துக்கொள்ளாத அந்தத் தாய்மாருக்குக் கல்லூரிப் படிப்போ நீச்சல் பயிற்சியோ தேவைப்படவில்லை. ஆனால் கையில் ஒரு கயிறு இருந்திருந்தால்?

கயிற்றைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நார்க்கயிறு நனைந்தால் கனத்துவிடும். பருத்திக் கயிறும் உதவாது. கடைகளில் கிடைக்கும் மிதக்கும் பிளாஸ்டிக் கயிறு, சுண்டுவிரல் பருமனில் இருபது மீட்டர் வாங்குங்கள். ஒரு முனையில் ஐந்து லிட்டர் எண்ணெய்க் கேன் ஒன்றைக் கட்டுங்கள். உள்ளே ஒரு குவளை நீர் ஊற்றி மூடியை இறுக்கினால் வீசுவதற்குக் கனமும் இருக்கும், மிதக்கவும் செய்யும். மறுமுனையில் கை நுழையும் அளவுக்கு ஒரு வளையம். வீசும்போது ஆளின் மேல் எறியாமல் அவரைத் தாண்டி, நீர் வரும் பக்கமாக எறியவேண்டும்; கயிறு மிதந்து அவர் கைக்கு வரும். புறப்படுவதற்கு முந்திய ஞாயிறு மாலை, வீட்டு மாடியிலோ கோயில் மைதானத்திலோ பிள்ளைகளோடு பத்துமுறை எறிந்து பாருங்கள். முதலில் ஒருவரும் குறியில் எறியமாட்டீர்கள். பிள்ளைகளுக்கு அது நல்ல விளையாட்டும் ஆகும்.

ஆற்றங்கரையில் குளிக்காத ஒருவர் இருக்கவேண்டும். அவர் கையில் கைபேசி இருக்கலாகாது, கயிறு இருக்கலாம். பிள்ளைகள் இருக்கும் இடத்துக்குக் கீழே, நீர் ஓடிச்செல்லும் திசையில், பெரியவர் ஒருவர் நிற்கவேண்டும். பிள்ளைகளுக்கு முழங்கால் ஆழமே எல்லை. ஊரார் இறங்காத துறையில் நாமும் இறங்கக்கூடாது. மது அருந்தியவர் நீரில் இறங்கவே கூடாது; விடுமுறை என்றால் அதற்கும் விடுமுறை உரிமை உண்டு என்று எண்ணும் ஆண்களுக்கு இதை வெளிப்படையாகவே எழுதுகிறேன். மூழ்கியவரைக் கரை சேர்த்ததும் தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவதும் வயிற்றை அமுக்குவதும் பழைய வழக்கங்கள். அவற்றால் பயனில்லை, காலம் வீணாகிறது. மூச்சு இல்லையேல் உடனே வாயோடு வாய் வைத்து மூச்சூதி, நெஞ்சை அழுத்தும் முதலுதவியைத் தொடங்கிக்கொண்டே 108-ஐ அழைக்கச் செய்யுங்கள். இம்முதலுதவியைக் கற்ற செவிலியர் நம் அன்பியங்களில் அநேகமாக ஒருவராவது இருப்பார். ஒரு கூட்டத்தில் அரை மணி நேரம் கற்பிக்கச் சொல்லிக் கேளுங்கள், மகிழ்ச்சியோடு வருவார்.

குமுளி வரை செல்பவர்கள் தேக்கடிப் படகிலும் ஏறுவார்கள். அங்கே 2009 செப்டம்பர் 30-இல் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். மிதவை அங்கியைப் புழுக்கம் என்று கழற்றாதீர்கள். கரையில் மான் தெரிந்தாலும் யானை தெரிந்தாலும் இருந்த இடத்திலேயே இருந்து பாருங்கள்.

திரும்பும் நாளுக்கு ஒரு குறிப்பு. போடியில் ஏலக்காய் நல்ல விலைக்குக் கிடைக்கும். கெடாது, கனமும் இல்லை. பன்னீர்த் திராட்சையோ மெல்லிய தோலுள்ளது. முதல் நாளே வாங்கி வைத்தால் மூன்றாம் நாள் ஈ மொய்க்கும். புறப்படும் நாள் காலையில் தோட்டத்திலேயே வாங்கி, கழுவாமல், ஓலைக்கூடையிலோ அட்டைப்பெட்டியிலோ செய்தித்தாள் விரித்து, குலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அழுத்தாமல் அடுக்குங்கள். ரயிலில் பெட்டிகளுக்கு மேல் வையுங்கள், இருக்கைக்கு அடியில் வேண்டாம். அம்பத்தூரில் இறங்கி வீடு சேர்ந்தபின் உப்பு நீரில் ஊறவைத்துக் கழுவலாம். பாட்டியைத் துணைக்கு வைத்துவிட்டுச் சென்ற பக்கத்து வீட்டாருக்கும், பூட்டிய வீட்டைப் பார்த்துக்கொண்டவருக்கும் கொடுப்பதாக இருந்தால் இரண்டு கிலோ கூடுதலாகவே வாங்குங்கள். இரவு ரயிலில் பிள்ளைகள் தூங்கிவிட்டதாக நீங்கள் எண்ணிக்கொண்டிருக்கும்போது மேல் படுக்கையிலிருந்து ஒரு கை கீழிறங்கிக் கூடைக்குள் போகும்.